கோடைக்கு ஒரு கோதுமைக் கோசுமல்லி

கல்கத்தாவில் குடியிருக்கும் நம்மவர்களுக்குச் சித்திரையும் வைகாசியும் சாப்பாட்டுச் சோதனை மாதங்கள். வேலூரிலும் மதுரையிலும் இதைவிடக் கடுமையாக வெயில் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே காற்று உலர்ந்த காற்று. வியர்வை ஆவியாகிப் போகும்போது உடம்பின் சூட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கே வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர உலராது. ஆகவே வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடம்பு அதிகமாகத் தவிக்கிறது. மத்தியானம் சுடச்சுடச் சாம்பார் சாதத்தை முன்னால் வைத்தால் பெரியவர்கள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

சாந்த்ராகாச்சியில் எங்கள் வீட்டு நிலைமையும் இதுதான். என் தாயாருக்கு 87 வயது. ஏப்ரல் பிறந்தால் அவர் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிடும். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் மூன்று வேளையும் அரிசி கூடாது. மே மாத விடுமுறைக்குப் புனேயிலிருந்து வரும் பேரக்குழந்தைகளோ தயிர்சாதத்தைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள். இந்த மூன்று தரப்பாரையும் ஒரே பாத்திரத்தால் திருப்திப்படுத்த முடியுமா என்று பார்த்ததில் பிறந்ததுதான் இந்தக் கோதுமைக் கோசுமல்லி. நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சமையலில் பட்டம் எதுவும் வாங்கியவன் அல்லன். ஆனால் எந்த வேலையையும் ஏன், எப்படி, எத்தனை நிமிடம் என்று கேட்டே பழகியவன். அந்த முறையிலேயே இதை எழுதுகிறேன்.

கோசுமல்லி நமக்குப் புதிதல்ல. ஸ்ரீராம நவமியன்று பானகம், நீர்மோரோடு கொடுக்கும் வடைப்பருப்பு அதுதானே. ஊறவைத்த பயத்தம்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, எலுமிச்சை, கடுகு தாளிப்பு. கன்னடக்காரர்கள் கோசம்பரி என்பார்கள். பயத்தம்பருப்பு தோல் நீக்கி உடைத்தது. ஒரு மணி நேரம் ஊறினாலே மென்று தின்னும் பதத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அதை வேகவைக்காமல் சாப்பிடும் வழக்கம் வந்தது. ராஜ்மாவை அப்படிச் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும். எல்லாப் பருப்பும் ஒன்றல்ல.

மேற்கு ஆசியாவில் லெபனான், சிரியா நாட்டினர் இதே போன்ற ஒன்றைக் கோதுமையில் செய்கிறார்கள். தபூலே என்று பெயர். பார்ஸ்லி என்ற கீரை, புதினா, தக்காளி, வெங்காயம், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், அதோடு கொஞ்சம் கோதுமை நொய். கொஞ்சம் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊர்த் தபூலேயில் பச்சிலைதான் சாதம், கோதுமை அதற்குத் தொட்டுக்கொள்வது போல! வெளிநாட்டு ஓட்டல்களில் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நம் வீட்டில் ஒரு வேளை உணவாக இது இருக்க வேண்டும் என்பதால் நான் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் பெண்களும் பிள்ளைகளும் இப்போது செல்போனில் சமையல் படம் பார்த்துச் செய்கிறார்கள். தபூலே செய்பவர் அந்தப் படத்தில் கோதுமை நொய்யில் வெந்நீர் ஊற்றி மூடி வைக்கிறார். கால் மணி நேரத்தில் அது பூத்து மலர்ந்துவிடுகிறது. நம் வீட்டம்மாள் கடைக்குப் போய் டாலியா வாங்கி வந்து அதே போல் வெந்நீர் ஊற்றுகிறார். அது பல்லில் கடுக்கென்கிறது. எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும் என்று சாப்பிட்டுவிட்டு, இரவெல்லாம் வயிற்றுப் பொருமல்.

காரணம் எளிது. அவர்கள் உபயோகிப்பது புல்கூர். முழுக் கோதுமையை முதலில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு உடைத்துச் சலித்தது. அதாவது அது ஏற்கெனவே வெந்த தானியம். நம் கடை டாலியாவும் கோதுமை ரவையும் பச்சைக் கோதுமையை உடைத்தவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புழுங்கலரிசிக்கும் பச்சரிசிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. நெல்லைப் புழுக்குவதை நாம் காலங்காலமாகச் செய்து வருகிறோம். ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, உலர்த்திக் குத்துகிறோம். அதனால் உமியை ஒட்டியுள்ள தயாமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கி, தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த நாடுகளில் பெரிபெரி நோய் வந்ததும், புழுங்கலரிசி சாப்பிட்டவர்களிடம் அது குறைவாக இருந்ததும் இதனால்தான். துருக்கியரும் அரபியரும் கோதுமைக்குச் செய்ததை நாம் நெல்லுக்குச் செய்தோம். கோதுமைக்குச் செய்யவில்லை, ஆகவே நம் டாலியாவை நாமே வேகவைத்தாக வேண்டும்.

எப்படி வேகவைப்பது? குக்கரில் நீர் ஊற்றி வேகவைத்தால் பெரும்பாலும் குழைந்துவிடும். குழைந்தால் அது கஞ்சி; கோசுமல்லி ஆகாது. நான் கண்ட வழி இட்லிப் பானை. கொஞ்சம் பருமனான டாலியா ஒரு டம்ளர் எடுத்துக் கல் பொறுக்கி, இரண்டு முறை அலசி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு வடிகட்டியில் போட்டு நன்றாக வடியவிட வேண்டும். இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் மெல்லியதாகப் பரப்பி, 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் கை நீரைத் தெளித்து இன்னும் ஐந்து நிமிடம் வைக்கலாம். ஊறும்போது குடித்த தண்ணீர் மட்டுமே தானியத்துக்குள் இருப்பதால் மாவுச்சத்து வெளியே கரைந்து வழிவதில்லை. பருக்கை பருக்கையாக நிற்கிறது. புட்டு மாவு ஆவியில் உதிரியாக வேகிறதே, அதே தத்துவம்.

1982-ல் நான் வேலையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆவியின் சக்தியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இட்லிப் பானை மூடியை நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: திறந்த ஒவ்வொரு தடவையும் ஆவி போய், பானை மறுபடி நிரம்ப வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சம்பா கோதுமை ரவை கொண்டுவந்தால் இன்னும் நல்லது. சற்றுச் சிவந்த நிறம், குழையாமல் நிற்கும். லேக் மார்க்கெட் பக்கம் நம் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாமையையோ தினையையோ இதே போல் ஆவியில் வைக்கலாம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கல்கத்தாவின் பெரிய கடைகளிலும் இவை பொட்டலமாகக் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தால் நம் பாட்டனார் காலத்தில் ஏழையின் உணவாக இருந்தவை இவைதானா என்று சந்தேகம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாலியா மருந்தல்ல, அதுவும் மாவுச்சத்துதான். இலையும் வெள்ளரியும் பருப்பும் தட்டில் பாதிக்கு மேல் இடம் பிடித்துக்கொள்வதால் தானியம் குறைவாக உள்ளே போகிறது. நன்மை அதில்தான் இருக்கிறது.

இனிப் பச்சிலைகள். பார்ஸ்லியைத் தேடி வெயில் காலத்தில் நியூ மார்க்கெட் வரை அலைய வேண்டாம். அது குளிர்காலத்துச் சரக்கு. அது இல்லாமலே நமக்கு வங்காளத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. பெயர் தெரியாமல்தான் நம்மவர்கள் பலர் கடந்து போகிறார்கள்.

கொத்தமல்லியை இங்கே தோனே பாத்தா என்பார்கள். வெயிலில் அது சீக்கிரம் பூத்துவிடுவதால் மே மாதத்தில் விலை ஏறி, கட்டும் வதங்கியிருக்கும். அதற்குப் பதில் காய்கறிக்காரர் கூடையில் நீளமாக, ஓரத்தில் ரம்பப் பல் போட்ட ஓர் இலை இருக்கும். பிலாத்தி தோனே பாத்தா, அதாவது சீமைக் கொத்தமல்லி. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த செடி. இங்கே ஈரத்திலும் நிழலிலும் செழிப்பாக வளர்கிறது. வாசனை கொத்தமல்லியைவிடப் பல மடங்கு. நான்கு இலை போதும். கட்டு முழுவதையும் போட்டால் மூட்டைப்பூச்சி வாசனை வருகிறது என்று என் தாயார் சொல்வார். தான்குனி பாத்தா என்று விற்பது நம் வல்லாரை. இதைச் சொன்னதும் பலருக்கு வியப்பு. வல்லாரைப் பொடியைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைப்பவர்கள் வீட்டு வாசலிலேயே அது கூடையில் போகிறது! ஐந்தாறு இலை பொடியாக அரிந்து சேர்க்கலாம். இலேசான கசப்பு, வெள்ளரியோடு சேர்ந்தால் தெரியாது.

கோல்மி ஷாக் என்பது நம் வள்ளைக்கீரை. இதை மட்டும் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. குளத்திலும் சதுப்பிலும் வளர்வது. அந்த நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் குடற்புழுக்களின் இளம்பருவங்கள் தண்டில் ஒட்டியிருக்கக்கூடும். வதக்கித்தான் சாப்பிட வேண்டும். பூய் ஷாக், அதாவது கொடிப்பசலையும் அப்படியே சமையலுக்கு உரியது.

எலுமிச்சையில் இங்கே ஒரு தனிச் செல்வம் உண்டு. கொந்தொராஜ் லேபு. நாம் கந்தராஜ் என்றே சொல்லிக்கொள்ளலாம். நீண்டு, தோல் தடித்து, அறையெல்லாம் மணக்கும். ஆனால் சாறு அதிகம் வராது. ஆகவே புளிப்புக்குச் சாதாரண பாத்தி லேபு பிழிந்துகொண்டு, வாசனைக்குக் கந்தராஜின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவிப் போட வேண்டும். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். அதைத் தொடக் கூடாது. காலபைசாகி அடித்த மறுநாள் தோட்டத்தில் உதிர்ந்த மாங்காய் மலிவாக வரும். அந்த நாட்களில் எலுமிச்சையைப் பாதியாக்கி மாங்காயைத் துருவிக்கொள்ளலாம்.

பச்சை இலை என்றதும் பலருக்குப் பயம் வருவதற்கு நியாயம் இருக்கிறது. சென்ற ஆண்டு கோடையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்ப விசேஷத்தில், வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாட்டோடு இதே போன்ற ஒரு கோதுமைக் கலவையும் இருந்தது. காலை எட்டு மணிக்குப் பெரிய அண்டாவில் வந்து இறங்கியது. பந்தி போட்டது ஒன்றரை மணிக்கு. அன்று மாலைக்குள் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி. நான்கு வயதுக் குழந்தை ஒன்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் அதன் பிறகு எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் சிலர், வெயில் காலத்தில் பச்சையாக எதுவுமே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆண்டு ராம நவமிக்கு ஒரு பஜனைக் கூடத்தில் பானகம், நீர்மோர் மட்டும் கொடுத்தார்கள். வடைப்பருப்புக்குப் பதில் குழந்தைகள் கையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் வண்டிகளையே நிறுத்திவிடுவதில்லை. எந்த இடத்தில் எந்த விதி தவறியது என்று பார்ப்போம். இங்கேயும் அப்படிப் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் இலைமேல் போனது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பலருக்கு ஒரே சமயத்தில் வாந்தி என்றால் வேகவைத்த தானியத்தையும் சந்தேகிக்க வேண்டும். பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. மண்ணிலிருந்து அரிசியிலும் கோதுமையிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதன் விதைவடிவம் கொதிநீரிலும் சாகாது. வெந்த தானியம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் விதை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். பிறகு சுடவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு; அதை நம்பி யாரும் இருக்க வேண்டாம்.

நம் பழையது கெடுவதில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வங்காளிகளும் பாந்தா பாத் என்று அதையேதான் சாப்பிடுகிறார்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது தயிரில் உள்ளவை போன்ற நுண்ணுயிர்கள் பெருகிச் சோற்றைப் புளிக்கவைக்கின்றன; அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை அடக்குகிறது. அதுவும் சுத்தமான பாத்திரம், சுத்தமான நீர் இருந்தால்தான். அண்டாவில் ஈரத்தோடு மூடிக் கிடக்கும் கோதுமைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி, சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்டதே ஆபத்தான எல்லை. கல்கத்தாக் கோடையில் அறை வெப்பமே கிருமிக்குத் தொட்டில். என் வீட்டில் நான் அந்த இரண்டு மணியையும் ஒன்றாகக் குறைத்துவிட்டேன்.

ஆகவே ஆவியிலிருந்து இறக்கிய டாலியாவைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும். எப்படி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கெட்டியான பொருளில் சூடு உள்ளிருந்து வெளியே வர எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரு விரற்கடை உயரம் பரப்பியது கால் மணியில் ஆறினால், எட்டு விரற்கடை உயரம் குவித்தது பகல் முழுதும் நடுவில் சூடாகவே இருக்கும். அந்த அண்டாவில் நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். பெரிய தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் பிசறி, மின்விசிறியின் கீழே வைத்தால் போதும். ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் குளிர்பெட்டிக்குள்.

இலைக்கு வருவோம். கல்கத்தாவுக்கு வரும் கீரைகளில் ஒரு பகுதி தாப்பாவில் விளைகிறது. நகரத்தின் குப்பை எருவும் கழிவுநீரும் பாயும் நிலம். மறுசுழற்சிக்கு உலகமே பாராட்டும் ஏற்பாடு. கிழக்குக் கல்கத்தாச் சதுப்பு நிலங்கள் 2002-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறின. பாராட்டுவோம். ஆனால் அந்த இலையை அப்படியே வாயில் போட முடியாது. வேரையும் பழுத்ததையும் நீக்கி, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் இலையை முக்கி அலச வேண்டும். கையால் மேலே தூக்கி எடுக்க வேண்டுமே தவிர, தண்ணீரோடு வடிகட்டியில் சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல் படியும். மூன்று முறை நீர் மாற்றிய பின், கடைசி அலசல் கொதித்து ஆறிய நீரில். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், என் தாயார் போன்ற முதியவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் இன்னும் ஒரு படி: கொதிநீரில் இலையைப் பத்து விநாடி முக்கி எடுத்துக் குளிர்ந்த கொதித்த நீரில் போடுவேன். வாசனை சற்றுக் குறையும்; குறையட்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி வீட்டிலேயே வளர்ப்பது. கடையில் வாங்கிய புதினாவில் நான்கைந்து தண்டுகளைக் கீழ் இலை கிள்ளித் தண்ணீரில் போட்டால் சில நாளில் வேர் விடும். தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தால் கோடை முழுதும் வரும். சீமைக் கொத்தமல்லி அதைவிடச் சுலபம், நிழலில் வளரும். எங்கள் பின்கட்டில் இரண்டும் ஆறு தொட்டிகளில் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் சேனையும் போட்டிருக்கிறேன். சாந்த்ராகாச்சி ஓல் என்றால் வங்காளம் முழுவதும் பெயர் போன சரக்காயிற்றே. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இனிக் கலவை. நாலு பேருக்கு: ஒரு டம்ளர் டாலியா மேற்சொன்னபடி வெந்து குளிர்ந்தது, கால் டம்ளர் பயத்தம்பருப்பு ஒரு மணி நேரம் ஊறி வடிந்தது, பிஞ்சு வெள்ளரிக்காய் இரண்டு, விதை நீக்கிய தக்காளி ஒன்று, கைப்பிடி அளவு புதினா இரண்டு, கொத்தமல்லி இரண்டு, சீமைக் கொத்தமல்லி நான்கு இலை, தேங்காய்த் துருவல் மூன்று தேக்கரண்டி, பச்சைமிளகாய் ஒன்று, பாத்தி லேபு இரண்டு, கந்தராஜ் தோல் சிறிது, உப்பு. தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். வெங்காயம் அவரவர் வீட்டு வழக்கப்படி. பயத்தம்பருப்பை ராத்திரியே ஊறப்போடும் வழக்கம் இந்த வெயிலுக்கு ஒத்துவராது. காலையில் நொதித்து நுரை கட்டிவிடும்.

இலையை அரியும் முன் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. தண்ணீர் மட்டும் அடியில் தங்கும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையை நசுக்குமே தவிர வெட்டாது. நசுங்கிய இலை சீக்கிரம் கறுக்கும். வெள்ளரியைத் தோல் சீவிப் பொடியாக அரிந்துகொள்ளலாம்.

சேர்க்கும் வரிசையில்தான் ருசி. டாலியா, பருப்பு, தேங்காய், தாளிப்பு ஆகியவற்றை முதலில் கலந்துவிடலாம். வெள்ளரி, இலை, எலுமிச்சை, உப்பு நான்கையும் தட்டு வைத்த பிறகே சேர்க்க வேண்டும். உப்பு பட்டதும் வெள்ளரி தன்னிடமுள்ள நீரை வெளியே விட ஆரம்பிக்கும். கால் மணியில் கோசுமல்லி இரசமாகிவிடும். எலுமிச்சையின் புளிப்பு இலையின் பச்சையத்தோடு சேர்ந்தால் நேரம் ஆக ஆகப் பளிச்சென்ற பச்சை மங்கிக் காய்ந்த வேப்பிலை நிறம் வந்துவிடும். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் குழந்தைகள் கண்ணால்தானே முதலில் சாப்பிடுகிறார்கள்? என் பேத்தி எலுமிச்சை பிழியும் வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். தானே பிழிந்தது என்பதால் தட்டைக் காலி செய்கிறாள். தயிர்சாதத்துக்கு இந்த உபாயம் பலிக்கவில்லை.

சங்க விழாக்களுக்குச் செய்வதாக இருந்தால் இதே வரிசைதான் காப்பாற்றும். நூறு பேருக்கு ஒரே அண்டாவில் கலக்கக் கூடாது. வெந்த தானியம் பனிக்கட்டிப் பெட்டியில் ஆழமில்லாத தட்டுகளில் இருக்கட்டும். அரிந்த காய் வேறு பெட்டியில். பந்திக்குப் பந்தி இருபது, இருபத்தைந்து பேருக்கு வேண்டியதை மட்டும் கலக்கட்டும். பெட்டி மேல் ஆவியிலிருந்து இறக்கிய நேரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கட்டும். பட்டறையில் ஒவ்வொரு சாமானுக்கும் தேதி எழுதிப் பழகிய கை எனக்கு. வீட்டுப் பெண்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

இத்தனைக்கும் மேல் யாருக்காவது வயிறு கெட்டால், முதல் மருந்து கல்கத்தாவே உலகத்துக்குக் கொடுத்தது. 1959-ல் காலரா நஞ்சைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிருந்த சம்பு நாத் டே. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்து பொங்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலநபீஷ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார். அவர் 2022-ல் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இரண்டு வாங்கி வைக்கலாம். அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. சிறு சிறு மடக்காகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தையும் முதியவரும் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதை இரயிலில் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. இங்கிருந்து சென்னைக்கு ஓர் இரவும் ஒரு பகலும் ஆகிறது. வெந்த தானியம் அவ்வளவு தாங்காது. அதற்கு வங்காளிகளின் முறைதான் சரி: முரி. புழுங்கலரிசியை உப்பு நீர் பிசறி, சூடான மணலில் பொரிப்பதால் அதில் ஈரமே இல்லை. கிருமிக்கு வேலையும் இல்லை. லோக்கல் வண்டியில் ஜால்முரிக்காரர் டப்பாக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்டபோது கலந்து கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் மேலே எழுதியிருக்கும் விதிகளையெல்லாம் அவர் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். ஒரு டப்பாவில் பொரி, இன்னொன்றில் பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, மிளகாய்ப்பொடி, உப்பு. முழு வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் வீட்டிலேயே கழுவித் துடைத்து வெட்டாமல் பையில் போட்டுக்கொள்ளலாம். பாலாசோர் தாண்டியதும் வெட்டிக் கலந்தால் ஐந்து நிமிட வேலை. கடுகெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட வேண்டும் என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். பொரிக்கு அது பொருத்தந்தான். தேங்காய் சேரும் நம் கோசுமல்லிக்கு ஒத்துவராது. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் அண்டைவீட்டு வங்காளி நண்பரும் நானும் இதில் மட்டும் ஒத்துப்போனதில்லை.

கலந்த கோசுமல்லி மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து இரவுக்கு எடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. கலக்காத டாலியா மிஞ்சினால் மறுநாள் காலை வரை குளிர்பெட்டியில் இருக்கலாம். அதை அரைத்த அடைமாவில் பிசைந்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு, இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்க அடை வார்த்தால் காலைப் பலகாரம் முடிந்தது.